அயோவா காக்கஸ் 2020: நம் வேட்பாளருக்கு உள்ளூரில் உருப்படியாக என்ன செய்யலாம்?

பனிக்காட்டு மீனா | 2 டிசம்பர் 2019

எல்லாருக்கும் வணக்கம். வெஸ்ட் டெமாய்னில் இருக்கிறேன். குடியுரிமை வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. டெமாக்ரட் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் பிப்ரவரி 3 காக்கஸ்தான் எனக்கு முதல் தேர்தல். போட்டியிடுகிறவர்களில் ஆண்ட்ரூ யாங்குக்கு வேலை செய்ய ஆசை. ஏன் யாங் என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அந்தச் சண்டைக்குத் தனி இழை ஓடுகிறது.

25 டாலர் அனுப்பியாச்சு, காரில் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. அதற்கு மேல் என்ன? பிரசார அலுவலகத்தில் கேட்டால் பட்டியலைக் கொடுத்துப் போன் பண்ணச் சொல்கிறார்கள். கூப்பிட்டால் முக்கால்வாசி வாய்ஸ்மெயில். முன்னாடி இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பழைய பெருச்சாளி | 2 டிசம்பர் 2019

மீனாம்மா, வாங்க. நான் சீடர் ரேபிட்ஸ். 2008-ல் ஒபாமாவுக்கு வேலை செய்தவன்.

காக்கஸ் என்றால் பெட்டியில் ஓட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற விஷயம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு கூட்டம். திங்கள்கிழமை இரவு 7 மணிக்கு உங்கள் பிரசிங்க்ட் (வாக்குச்சாவடி வட்டாரம்) கூடுகிற பள்ளிக்கூடத்திலோ சர்ச் ஹாலிலோ வரிசையில் நின்றாக வேண்டும். யாருக்கு ஆதரவு என்பதை எல்லார் முன்னாலும் ஒரு மூலையில் போய் நின்று காட்ட வேண்டும். ரகசியம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், பிள்ளையின் டீச்சர் பார்ப்பார்.

தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் 15 சதம் சேராத குழு செல்லாது. 200 பேர் வந்தால் 30 பேர் வேண்டும். (சின்னப் பிரசிங்க்டுகளில் இந்தக் கோடு இன்னும் உயரம்: மூன்று டெலிகேட், அதாவது கட்சியின் அடுத்த மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள், உள்ள இடத்தில் ஆறில் ஒரு பங்கு, இரண்டு என்றால் 25 சதம்.) செல்லாத குழுவில் இருப்பவர்கள் வேறு குழுவில் சேரலாம், இரண்டு செல்லாத குழுக்கள் ஒன்றாகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். இந்த வருஷம் ஒரு புது விதி: முதல் எண்ணிக்கையிலேயே கோட்டைத் தாண்டிய குழுவில் இருப்பவர்கள் நகரக் கூடாது. இன்னொன்று, ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் முதல் தேர்வையும் இரண்டாம் தேர்வையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால் மாநிலம் முழுக்கப் போன் பண்ணுவதைச் சின்னப் பசங்களிடம் விடுங்கள். நீங்கள் உங்கள் பிரசிங்க்டைப் பிடியுங்கள். அங்கே யாங்குக்கு ஆள் திரட்டும் கேப்டன் யார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் நீங்கள்தான் கேப்டன்.

எடிசன் பாலா | 3 டிசம்பர் 2019

இன்றைக்குக் கமலா ஹாரிஸ் போட்டியிலிருந்து விலகிவிட்டார். சென்னைக்காரம்மா பெற்ற பெண், கலிபோர்னியா செனட்டர், ஒரு ஓட்டு விழுவதற்கு முன்னாலேயே காசு தீர்ந்து வீட்டுக்குப் போகிறார். சுமார் 90 சதம் வெள்ளையர்கள் வாழும் ஒரு சோளக்காட்டு மாநிலம் முதலில் உட்கார்ந்துகொண்டு யார் இருக்கலாம், யார் போகலாம் என்று தீர்மானிக்கிறது. இன்னொரு வேட்பாளர் ஹூலியன் காஸ்ட்ரோ இதைத்தானே வெளிப்படையாகச் சொல்கிறார்? தேசிய மாநாட்டுக்குப் போகும் மொத்தம் 3,979 டெலிகேட்டில் அயோவாவுக்கு 41. எங்கள் நியூ ஜெர்சி பிரைமரி (அதே வேட்பாளர் தேர்வுதான், ஆனால் ஓட்டுச்சீட்டில்) ஜூன் 2. அதற்குள் கல்யாணம் முடிந்து பந்தலும் பிரித்திருப்பார்கள்.

மீனா, தப்பாக நினைக்காதீர்கள். அந்த நேரத்தை உங்கள் ஊர் ஸ்கூல் போர்டு தேர்தலுக்குக் கொடுங்கள். பலன் கண்ணுக்குத் தெரியும்.

பழைய பெருச்சாளி | 3 டிசம்பர் 2019

பாலா சொல்வதில் பாதி நியாயம். இந்த மாநிலம் ஏன் முதலில் என்பதற்கு 1972-ல் கட்சி விதிகளை மாற்றியதைத் தவிர பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் 41 டெலிகேட்டை வைத்துக் கணக்குப் போட்டால் அயோவா புரியாது. 1976-ல் இங்கே முதலிடம் பிடித்தது எந்த வேட்பாளரும் இல்லை, 'யாருக்கும் இல்லை' என்று நின்றவர்கள்தான். ஜிம்மி கார்ட்டர் 28 சதம் பக்கம் வாங்கி அவர்களுக்குப் பின்னால் வந்தார். ஆனால் மற்ற ஆள்களை முந்திவிட்டார் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் பேர். அப்புறம் கடலை விவசாயியான அவருடைய சொந்த மாநிலம் ஜார்ஜியாவிலிருந்து சாதாரணக் குடும்பங்கள் சொந்தச் செலவில் நியூ ஹாம்ப்ஷயர் பனிக்குப் போய்க் கதவு தட்டினார்கள். 'நிலக்கடலைப் படை' என்று அவர்களுக்குப் பேர். எங்கள் ஊர் ஆள் நல்லவர் என்று தெற்கத்திக்காரன் வாசலில் நின்று சொன்னதற்கு இருந்த மதிப்பு விளம்பரத்துக்கு இல்லை.

2008-ல் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் ஒபாமா பிரசாரத்துக்கு வந்த ஒரு பையன் மாதக்கணக்கில் தங்கியிருந்தான். சம்பளம் சொற்பம், ஹோட்டல் கட்டுப்படியாகாது, ஆதரவாளர் வீட்டு அறைதான் கதி. ராத்திரி பதினொன்றுக்கு வந்து குளிர்ந்த இட்லியை மைக்ரோவேவில் கூட வைக்காமல் பொடியில் தோய்த்துத் தின்பான். எதிர்வீட்டுக் குடியரசுக் கட்சிக்காரர் அவனைப் பார்த்துப் பார்த்தே இளகிவிட்டார். காக்கஸ் வாசலிலேயே கட்சி மாற்றிப் பதிவு செய்யலாம் என்பதால் அன்று ஒரு ராத்திரிக்கு டெமாக்ரட் ஆனார். அந்த ஜனவரி 3-ல் மாநிலம் முழுக்க 2,40,000 பேர் பக்கம் வந்தார்கள், ஹிலாரி மூன்றாம் இடத்துக்குப் போனார்.

ரிச்மண்ட் ராஜா | 4 டிசம்பர் 2019

வர்ஜீனியாவிலிருந்து ஒரு கொசுறு. 'உள்ளூர் வேலை' என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எங்கள் ஊரில் அது கையெழுத்து வாங்குவது. 2012 குடியரசுக் கட்சி பிரைமரியில் வேட்பாளர் பேர் வாக்குச்சீட்டில் வர 10,000 வாக்காளர் கையெழுத்து வேண்டும், அதிலும் ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் 400. ரிக் பெர்ரி, நியூட் கிங்ரிச் இருவருக்கும் தேறவில்லை. கிங்ரிச் குடியிருந்ததே வர்ஜீனியாவில்! கடைசியில் வாக்குச்சீட்டில் இருந்தது ராம்னி, ரான் பால் இரண்டே பேர். டிவி விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறவர்களுக்கு, மளிகைக்கடை வாசலில் கிளிப்போர்டோடு நிற்க ஆள் இல்லை. இப்போது 5,000 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்றாலும் கிளிப்போர்டு வேலை அதேதான்.

புதுசு கண்ணா புதுசு | 6 டிசம்பர் 2019

ஏம்ஸில் இருக்கிறேன், எச்-1பி. நான் ஏதாவது செய்யலாமா? ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டால் தப்பா? விசாவுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயம்.

சாக்ரமெண்டோ சங்கரி | 6 டிசம்பர் 2019

தம்பி, தொப்பியை வாங்காதீர்கள். பிரசாரக் கடையில் வாங்கும் தொப்பி, டீ-ஷர்ட் எல்லாம் சட்டப்படி நன்கொடைக் கணக்கில்தான் சேரும். வெளிநாட்டவர் நன்கொடை தரக் கூடாது, ஒரு டாலர் கூட. ஆனால் சம்பளம் வாங்காமல் வாலண்டியராக உழைக்கலாம், கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அதை அனுமதிக்கிறது. கதவு தட்டலாம், நாற்காலி போடலாம். பணம் எங்கே செலவாக வேண்டும், என்ன உத்தி என்று முடிவெடுக்கிற இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. கூட்டத்துக்கு உங்கள் காசில் சமோசா வாங்கிக்கொண்டு போவதும் வேண்டாம்.

க்ரீன் கார்டு இருப்பவர்கள் நன்கொடை தரலாம். இந்தத் தேர்தலுக்கு ஒருவருக்கு உச்சவரம்பு 2,800 டாலர். ஓட்டு கிடையாது.

இன்னொன்று, இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். காக்கஸ் வாசலிலேயே வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டுவார்கள். யாரோ அன்பாக 'இங்கே ஒரு கையெழுத்து' என்பார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் அதில் கையெழுத்துப் போடவே கூடாது. தெரியாமல் போட்டேன் என்றாலும் பிற்பாடு க்ரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். பார்வையாளர் என்று சொல்லித் தனியாகப் போடும் நாற்காலியில் உட்காருங்கள்.

புதுசு கண்ணா புதுசு | 6 டிசம்பர் 2019

அக்கா, கும்பிடு. தொப்பி கார்ட்டில் இருந்தது, எடுத்துவிட்டேன்.

பனிக்காட்டு மீனா | 19 டிசம்பர் 2019

பெருச்சாளி சார் வாக்குப் பலித்தது. எங்கள் பிரசிங்க்டுக்கு ஆள் இல்லையாம், என்னையே கேப்டன் ஆக்கிவிட்டார்கள். நடந்து போய்க் கதவு தட்ட வேண்டிய வீடுகளின் பட்டியல் போனில் ஒரு ஆப்பில் வருகிறது. தெருவில் எல்லா வீடும் அதில் இல்லை. பதிவு செய்த டெமாக்ரட்டுகளும் கட்சி சாராத சிலரும் மட்டும். ஒவ்வொரு கதவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும்: 1 என்றால் நம் ஆள், 5 என்றால் கண்டிப்பாக எதிர்முகாம். முதல் தெரு முடிப்பதற்குள் குளிரில் போன் செத்துவிட்டது. என்ன செய்வது?

பழைய பெருச்சாளி | 20 டிசம்பர் 2019

பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை உறைந்துவிடும், பென்சில். போனை உள்பையில் உடம்போடு வைத்தால் தாங்கும்.

இங்கே வீடுகளுக்கு வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. மணி அடித்ததும் இரண்டு படி கீழே இறங்கி நில்லுங்கள். வெளிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், முகத்துக்கு நேரே வரும். அதோடு, திறக்கிற ஆளுக்கும் உங்களை முழுசாகப் பார்த்தால்தான் பயம் தெளியும். ஆள் இல்லாத வீட்டில் நோட்டீஸைக் கைப்பிடியில் சொருகுங்கள். தபால் பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள், தபால்தலை இல்லாத எதையும் அதற்குள் வைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

வாசலில் யாங் புராணம் பாடாதீர்கள். 'நான் மூணாவது வீட்டுப் பக்கம்தான் இருக்கேன், காக்கஸுக்கு வர்றீங்களா?' அது ஒன்று. அவர் வேறு ஆள் பேரைச் சொன்னால் வாதாடாமல் 'உங்களுக்கு இரண்டாவது யார்?' என்று கேட்டு அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் பிப்ரவரி 3 இரவு எட்டு மணிக்கு உங்கள் கையில் இருக்கும் பணம்.

எடிசன் பாலா | 20 டிசம்பர் 2019

கதவு தட்டினால் யாராவது மனசு மாறுகிறார்களா, அல்லது தட்டினவர்களின் திருப்திக்கா?

சாக்ரமெண்டோ சங்கரி | 20 டிசம்பர் 2019

மனசு மாறுகிறதோ இல்லையோ, கிளம்பி வருகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998-ல் நியூ ஹேவனில் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். நேரில் போய்ப் பேசினவர்களிடம் வாக்களிப்பு 9 சதவீதப் புள்ளி வரை கூடியது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்த போன் அழைப்பால் ஒன்றும் அசையவில்லை. அது கட்சி சார்பில்லாத 'வந்து ஓட்டுப் போடுங்கள்' பிரசாரம், ஆள் பிடிக்கும் பிரசாரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காக்கஸில் வருவதுதானே பாதி வேலை? வாசலில் நட்டுவைக்கும் வேட்பாளர் பெயர்ப்பலகை, பாலா, உங்கள் சந்தேகத்துக்குத் தகுதியானது. அதைத் தாக்குங்கள்.

வாரன் அணி வள்ளி | 4 ஜனவரி 2020

நான் வாக்கி பக்கம். எலிசபெத் வாரனுக்கு வேலை செய்கிறேன். எதிரி முகாமிலிருந்து ஒரு யோசனை. பொங்கலுக்குத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடுவார்கள். அங்கே ஒரு மேஜை போட்டால் என்ன, மீனா?

தேங்காய்மூடி பாகவதர் | 4 ஜனவரி 2020

மேஜை எதற்கு? சங்கத் தலைவரை மேடையில் ஏற்றி 'நம் ஆதரவு இன்னாருக்கு' என்று அறிவிக்கச் சொல்லுங்கள். ஊரில் எப்படி நடக்கிறது? ஒரே அறிவிப்பு, நூறு குடும்பம்.

சாக்ரமெண்டோ சங்கரி | 4 ஜனவரி 2020

பாகவதரே, ஆளைக் கவிழ்த்துவிடாதீர்கள். கோயிலும் பெரும்பாலான சங்கங்களும் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்கு வாங்கியவை. 1954-லிருந்தே அப்படிப்பட்ட அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யத் தடை. மேடையில் தலைவர் ஒரு பேரைச் சொன்னால் வரிவிலக்கே கேள்விக்கு வரும். தலைவர் தன் வீட்டில், தன் சொந்தப் பேரில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சங்க மேடை, சங்க மின்னஞ்சல் பட்டியல் இரண்டும் கூடாது.

ஒரு வாசல் திறந்திருக்கிறது. யாருக்கும் சார்பில்லாமல், காக்கஸ் எப்படி நடக்கும் என்று சொல்லித்தரலாம். வாக்காளர் பதிவும் செய்யலாம்.

தேங்காய்மூடி பாகவதர் | 5 ஜனவரி 2020

வரிவிலக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டே இருந்தால் நம் ஆள்களை எவன் மதிப்பான்? பணக்காரர்கள் ஹோட்டலில் 2,800 டாலர் கொடுத்து வேட்பாளரோடு போட்டோ எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அது மட்டும் சரியா?

வாரன் அணி வள்ளி | 5 ஜனவரி 2020

சரி, அண்ணா, அந்தப் போட்டோக்காரர்கள் மேல் எனக்கும் கோபம்தான். அவர்களில் எத்தனை பேர் திங்கள் இரவு காக்கஸ் நடக்கும் பள்ளி ஜிம்முக்கு வருவார்கள் என்று பார்ப்போம்.

மட்டுறுத்துநர் | 5 ஜனவரி 2020

கோயில் நிர்வாகங்களைப் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காக்கஸைப் பேசுங்கள்.

பனிக்காட்டு மீனா | 20 ஜனவரி 2020

பொங்கல் விழாவில் வள்ளியும் நானும் சேர்ந்து பொம்மைக் காக்கஸ் நடத்தினோம். அரசியல்வாதி பேரே கிடையாது. வேட்பாளர்கள்: இட்லி, பூரி, வெண்பொங்கல், மசால் தோசை, உப்புமா. ஹாலின் ஐந்து மூலையில் (ஐந்தாவது மூலை தண்ணீர் டிரம்) காகிதம் ஒட்டி, போய் நில்லுங்கள் என்றோம்.

மசால் தோசைக்குப் பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் முதல் சுற்றிலேயே தேறிவிட்டது. உப்புமாவுக்கு நாலு மாமாக்கள் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள். இட்லியும் வெண்பொங்கலும் 15 சதத்துக்கு ஓரிருவர் குறைவு. பத்து நிமிஷம் கொடுத்தோம் பாருங்கள், அமர்க்களம். இட்லிக்காரர்கள் 'ஆரோக்கியம், ஆவியில் வெந்தது' என்று உப்புமா மாமாக்களிடம் போனார்கள். அவர்கள் முகம் கொடுக்கவில்லை. வெண்பொங்கல் பக்கமிருந்து ஒரு பாட்டி மட்டும் வந்து, 'நீங்க ரவைக்குப் பதிலா அரிசின்னு நினைச்சுக்குங்கோ, மிளகு, நெய், முந்திரி எல்லாம் அதேதான்' என்றார். நாலு பேரும் அப்படியே பெயர்ந்து போனார்கள். வெண்பொங்கல் தேறியது. இட்லி அவுட்!

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் காக்கஸ் பக்கமே போகாத குடும்பங்கள் பல. இப்போது வருகிறோம் என்கிறார்கள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அங்கே கேட்கக் கூடாதே. நவம்பர் 3 பொதுத்தேர்தலுக்குள் 18 நிரம்பும் பிள்ளைகளும் வரலாம் என்று சொன்னதும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் துள்ளினார்கள்.

பாகவதர் சார், உப்புமா அணியில் இருந்த தலைப்பாகை மாமா நீங்கள்தானா?

தேங்காய்மூடி பாகவதர் | 20 ஜனவரி 2020

நான் இருப்பது டல்லாஸில். ஆனாலும் உப்புமாவுக்குத்தான் நின்றிருப்பேன்.

வாரன் அணி வள்ளி | 27 ஜனவரி 2020

எங்கள் ஆள் செனட்டில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் மாட்டிக்கொண்டார். போட்டியில் இருக்கும் மற்ற செனட்டர்கள் சாண்டர்ஸ், க்ளோபுச்சார் கதியும் அதேதான். கடைசி வாரத்தில் வேட்பாளரே ஊரில் இல்லை! பைடனும் புட்டிஜெஜும் யாங்கும் மாநிலத்தைச் சுற்றுகிறார்கள். இப்போதுதான் தெரிகிறது, கேப்டன்கள் உள்ள பிரசிங்க்ட் ஓடுகிறது, இல்லாதது படுத்துவிட்டது.

மீனா, நேராகவே கேட்கிறேன். உங்கள் ஆள்கள் தேறாவிட்டால் எங்கள் பக்கம் வருவார்களா?

பனிக்காட்டு மீனா | 27 ஜனவரி 2020

என் பட்டியலில் இருப்பவர்களுக்கு இரண்டாவது ஆள் பல தினுசு. சாண்டர்ஸ் பாதி. சிலருக்குக் க்ளோபுச்சார். ஒருவருக்கு டிரம்ப். யாரையும் கட்டி இழுக்க முடியாது வள்ளி. நான் மட்டும் என்றால் ஒரு விலை உண்டு: கவுண்டி (மாவட்டம் மாதிரி) மாநாட்டுக்கு எங்களில் ஒருவரை டெலிகேட்டாக அனுப்புகிறவர்கள் பக்கம்.

வாரன் அணி வள்ளி | 27 ஜனவரி 2020

அடேயப்பா. குடியுரிமை வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை என்றீர்களே!

பனிக்காட்டு மீனா | 4 பிப்ரவரி 2020

தூங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட உணவு அறை. ஆறரைக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் கையில் அட்டையோடு சுவரைப் பார்க்கிறார்கள், எந்த மூலைக்கு யார் பேர் ஒட்டியிருக்கிறது என்று. எண்ணுவது எப்படி தெரியுமா? குழுவில் எல்லாரும் கையைத் தூக்கி, ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லிச் சொல்லிக் கையை இறக்க வேண்டும். எங்கள் எண் நின்றபோது எட்டுப் பேர் குறைந்தது. வாயெல்லாம் உலர்ந்துவிட்டது.

புட்டிஜெஜ், சாண்டர்ஸ், வாரன் தேறிவிட்டார்கள், அவர்களுடைய ஆள்கள் நகர முடியாது. பைடன் தேறவில்லை. க்ளோபுச்சாரும் கொஞ்சம் குறைவு. எங்களை நோக்கி மூன்று பக்கமிருந்தும் கேப்டன்கள் வந்தார்கள். பைடன் மூலையில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, ஜனவரியில் நான் கதவு தட்டிய வீடு. அவரிடம் போய் எங்கள் பக்கம் வரச் சொன்னேன். அவரோடு இன்னும் இருவர் வந்தார்கள். அப்போதும் கோட்டைத் தொடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

க்ளோபுச்சார் கேப்டனிடம் பேசினேன். எங்களில் வர விரும்புகிறவர்கள் வருவோம், நீங்கள் தேறுவீர்கள், டெலிகேட்டில் ஒன்று எங்களுக்கு. யோசிக்காமல் கையை நீட்டினார். சாண்டர்ஸ் பக்கம் போனவர்கள் போனார்கள், மீதிப் பேர் என்னோடு வந்தார்கள். அவர்கள் தேறினார்கள். மார்ச் 21 கவுண்டி மாநாட்டுக்கு நான் டெலிகேட்.

அப்புறம் கூட்டத் தலைவர் முடிவைக் கட்சிக்கு அனுப்ப ஆப்பைத் திறந்தார். அது திறக்கவில்லை. தலைமையகத்துக்குப் போன் போட்டால் காத்திருப்பு இசை. நான் கிளம்பும்போதும் அவர் காதில் போனோடு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

யாங் வெறியன் | 4 பிப்ரவரி 2020

அப்படியானால் யாங்குக்கு வந்த ஓட்டை க்ளோபுச்சாருக்கு விற்றுவிட்டீர்கள். சபாஷ்.

பழைய பெருச்சாளி | 4 பிப்ரவரி 2020

தம்பி, விதியைப் படித்துவிட்டுப் பேசு. முதல் சுற்றில் அவர்கள் எழுதிய அட்டையில் யாங் பேர் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம்தான் முதல்முறையாக அந்த எண்ணிக்கையையும் கட்சி வெளியிடப்போகிறது. தேறாத மூலையில் கடைசி வரை வீம்புக்கு நின்றால் டெலிகேட் பூஜ்யம். அந்தம்மா அந்த அறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வாரன் அணி வள்ளி | 4 பிப்ரவரி 2020

என்னிடம் கேட்டிருந்தால் நானும் கையை நீட்டியிருப்பேன். என்ன செய்வது, அந்த அறையில் இருந்தது உங்கள் ஊர் வாரன் கேப்டன், நான் இல்லை. பரவாயில்லை.

எடிசன் பாலா | 7 பிப்ரவரி 2020

மூன்று நாள் கழித்து 100 சதம் எண்ணிவிட்டார்களாம். டெலிகேட் கணக்கில் புட்டிஜெஜ் 26.2 சதம், சாண்டர்ஸ் 26.1 சதம். முதல் சுற்றுத் தலைக்கணக்கில் சாண்டர்ஸ் முன்னிலை. இரண்டு பேரும் ஜெயித்தேன் என்கிறார்கள். 2012-ல் குடியரசுக் கட்சியும் இதே கூத்தை ஆடியது: அன்றிரவு ராம்னி 8 ஓட்டில் முன்னிலை, பிற்பாடு எண்ணினால் சாண்டோரம் 34 ஓட்டில் முன்னிலை, அதற்குள் ராம்னி 'அயோவா வென்றவர்' என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டார். இந்த முறைக்கு இதோடு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

ஆனால் மீனா, அந்த டெலிகேட் பேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பனிக்காட்டு மீனா | 12 பிப்ரவரி 2020

நேற்று நியூ ஹாம்ப்ஷயர் இரவில் யாங் விலகிவிட்டார். அலுவலகப் பசங்கள் வந்து என் வாசல் பலகையைப் பிடுங்கட்டுமா என்று கேட்டார்கள். டீச்சரம்மா போன் பண்ணி, கவுண்டி மாநாட்டுக்கு நானும் வருகிறேன், ஒரே காரில் போகலாம் என்றார். அவர் மாற்று டெலிகேட். இனி அவர் என்னை பைடன் பக்கம் இழுப்பார், எனக்கு நன்றாகத் தெரிகிறது.

சாக்ரமெண்டோ சங்கரி | 13 பிப்ரவரி 2020

அயோவா முடிந்தது, இப்போது கலிபோர்னியாக்காரர்கள் காதைக் கொடுங்கள். எங்கள் பிரைமரி மார்ச் 3. 'கட்சி சார்பு இல்லை' என்று பதிவு செய்திருந்தால் தபாலில் வரும் சீட்டில் ஜனாதிபதி வேட்பாளர் பேரே இருக்காது. டெமாக்ரட் சீட்டு வேண்டுமென்று நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும், தபாலில் கேட்கக் கடைசி நாள் பிப்ரவரி 25. தவறினால் எழுதாத சீட்டை எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். குடியரசுக் கட்சி பிரைமரி வேண்டுமென்றால் அந்தக் கட்சியிலேயே பதிய வேண்டும்.

'சுயேச்சை' என்று நினைத்து 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' கட்சியில் டிக் அடித்தவர்கள் நம் ஆள்களிலும் உண்டு. அது ஒரு தனிக் கட்சி, தீவிர வலதுசாரிப் பாரம்பரியம். உடனே போய்ப் பதிவைப் பாருங்கள்.

நியூயார்க்கில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2016-ல் ஏப்ரல் பிரைமரிக்கு முந்தைய அக்டோபரிலேயே கட்சி மாற்றக் கெடு முடிந்துவிட்டது. டிரம்பின் பிள்ளைகள் இவாங்கா, எரிக் இருவருமே அதைத் தவறவிட்டு அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள்.

புதுசு கண்ணா புதுசு | 13 பிப்ரவரி 2020

அக்கா, கவுண்டி மாநாட்டுக்குப் பார்வையாளராக வரலாமா? காக்கஸ் அன்று ஏம்ஸில் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படிவம் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

பழைய பெருச்சாளி | 13 பிப்ரவரி 2020

உங்கள் ஸ்டோரி கவுண்டிக் கட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள் தம்பி. நாள் முழுக்க இழுக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மட்டும்தான், கட்சிக்காரர்களுக்குச் சமோசா வாங்கிக்கொடுத்துவிடாதீர்கள்.

மட்டுறுத்துநர் | 14 பிப்ரவரி 2020

நெவாடா, தென் கரோலினா, மார்ச் 3 மாநிலங்களுக்குத் தனி இழை திறந்தாச்சு. சங்கரியின் கலிபோர்னியா பதிவை அங்கே மேலே ஒட்டியிருக்கிறேன். உப்புமா பற்றி வந்த பதிவுகள் சமையல் பகுதிக்கு மாற்றப்பட்டன.